எந்திரங்களை எடைபோட்டவர்

நுழையும்முன்

ஒரு பொருளின் தரத்தை உள்ளவாறு அறிவது எளிதன்று. அதனைச் செய்தவர் யார், அது எந்நாட்டிலிருந்து வந்தது என்னும் எண்ணங்கள் நம் மதிப்பீட்டைத் திசைதிருப்பிவிடும். எந்திரங்களின் தரத்தை எடைபோடுவதையே பணியாகக் கொண்ட இந்தியர் ஒருவர், தாமும் உலகோரால் எடைபோடப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்தேசிர் கர்செட்ஜியின் வரலாறு அதனை எடுத்துரைக்கிறது.

கப்பல் கட்டிய குடும்பம்

அர்தேசிர் கர்செட்ஜி, 1808ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். அவருடைய முன்னோர் பார்சி இனத்தைச் சார்ந்த வாடியா குடும்பத்தினர். சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த லௌஜி நசர்வான்ஜி என்பவர் அங்குக் கப்பல் கட்டும் தொழிலுக்கு அடித்தளமிட்டார். 1750ஆம் ஆண்டு அங்கு உலர்துறை அமைந்தது. அதன்பின் வாடியா குடும்பத்தினரின் கைவண்ணத்தில் தேக்குமரக் கப்பல்கள் பல உருவாயின. திருகோணமலையின் பெயரைத் தாங்கி 1817இல் அவர்கள் கட்டிய போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

பாய்மரத்தை நம்பியிருந்த கடற்பயணம் அக்காலத்தில் மாறத் தொடங்கியிருந்தது. பம்பாயில் கட்டப்பட்ட ஹ்யூ லிண்ட்சே என்னும் நீராவிக்கப்பல், 1830ஆம் ஆண்டு அங்கிருந்து புறப்பட்டுச் சூயசை அடைந்தது. அர்தேசிருக்கு அப்போது வயது 21. மரத்தை அறிந்திருந்த குடும்பத்தில் பிறந்த அவ்விளைஞர், இனி இரும்பையும் நீராவியையும் அறிந்தாலன்றித் தம் குலத்தொழில் நிலைபெறாது என உணர்ந்தார்.

நீரை உயர்த்திய எந்திரம்

ஆழத்தில் உள்ளதை மேலே கொணர்வது மனிதனின் பழம்பெரும் சிக்கல்களுள் ஒன்று. திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்பென்னாத்தூர் போன்ற கிணற்றுப்பாசன ஊர்களில் உழவர்கள் கவலை கட்டி நீர் இறைத்தனர். காளைகள் சரிவில் இறங்க, கிணற்றுக்குள்ளிருந்து சால் மேலேறும். காளைகளின் வலிமையே அங்கு நீரை உயர்த்தும் ஆற்றலாகும்.

அவ்வாற்றலை நீராவியிடம் பெற முயன்றார் அர்தேசிர். அவர் தம் கைகளாலேயே ஒரு குதிரைத்திறன் கொண்ட சிறிய நீராவி எந்திரத்தை உருவாக்கினார். அது கிணற்றுநீரை மேலேற்றி, அவர் வீட்டின் முன்னிருந்த நீரூற்றைப் பொங்கச் செய்தது. பின்னர், 60 டன் எடையுள்ள இண்டஸ் என்னும் கப்பலில், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த 10 குதிரைத்திறன் எந்திரத்தைப் பொருத்திக் காட்டினார். மசகானிலிருந்த தம் மாளிகையையும் தோட்டத்தையும் 1834இல் எரிவாயு விளக்குகளால் ஒளிபெறச் செய்தார். நூலறிவோடு நில்லாமல் செய்து பார்த்தே தெளிவதும், தாம் தெளிந்ததைப் பிறர் காணச் செய்வதும் அவர்தம் இயல்புகளாக இருந்தன.

கடல்கடந்த கல்வி

நீராவிக் கலையை அது வளரும் இடத்திற்கே சென்று கற்க விரும்பிய அவர், 1839ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் பயணமானார். எந்திரத் தொழிற்கூடங்களையும் கப்பல் தளங்களையும் கண்டு ஆராய்ந்தார். அப்பயணப் பட்டறிவை நாட்குறிப்பு நூலாக எழுதி 1840இல் இலண்டனில் வெளியிட்டார்.

அவருடைய அறிவாற்றலை அங்கிருந்த பொறியாளர்களும் அறிவியலாளர்களும் நேரில் கண்டனர். அதன் பயனாக, 1841ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமையை முதன்முதலில் பெற்ற இந்தியர் அவரே. அடுத்து அப்பெருமையைப் பெற்ற இந்தியர், ஈரோட்டில் பிறந்த கணிதமேதை சீனிவாச இராமானுசன். அது நிகழ்ந்தது 1918இல். இருவருக்குமிடையே 77 ஆண்டுகள் கடந்திருந்தன.

எந்திர ஆய்வாளர்

அரச கழகத்தின் தேர்வு நிகழ்ந்தபோது அர்தேசிர் தாயகம் திரும்பியிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைப் பம்பாய் நீராவித் தொழிற்கூடத்தின் தலைமைப் பொறியாளராகவும் எந்திர ஆய்வாளராகவும் அமர்த்தியிருந்தது. 1841 ஏப்ரலில் அவர் பொறுப்பேற்றார்.

அப்பணியின் பொறுப்பு பெரிது. நடுக்கடலில் எந்திரம் பழுதுற்றால் உதவ எவரும் இல்லை. கொதிகலன் வெடித்தால் அருகிலிருப்போர் உயிர்தப்புவது அரிது. ஆதலின், கரையிலேயே குறைகளைக் கண்டறிதல் இன்றியமையாததாக இருந்தது. கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி, அது வழக்கமாகத் தாங்கவேண்டியதைவிட மிகுதியான அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பது அக்காலச் சோதனைமுறைகளுள் ஒன்று. வலுவற்ற இணைப்பு இருப்பின் அங்கு நீர் கசியும். நீராவியைப்போல் நீர் பெருகி விரிவதில்லை. ஆகவே கலன் பிளந்தாலும் பேரழிவு நேராது. கடல்நீரைக் காய்ச்சிய கொதிகலன்களின் உட்புறத்தில் உப்பு படிந்து தகடுகளைக் கெடுப்பதும் உண்டு. வெளித்தோற்றத்தின் மெருகைக் கண்டு மயங்குபவரால் இக்குறைகளைக் காண இயலாது.

அவருக்குக் கீழ், தலைமை உதவியாளர் ஒருவரும் ஐரோப்பிய மேற்பார்வையாளர் நால்வரும் ஏறத்தாழ நூறு ஐரோப்பியத் தொழில்வல்லுநர்களும் இருநூறு இந்தியத் தொழிலாளர்களும் பணியாற்றினர். இந்தியர் ஒருவரின் ஆணைக்கு ஐரோப்பியர் கட்டுப்படுவது அந்நாளில் புதுமை. பம்பாயிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழ் ஒன்று, அத்தகைய பொறுப்பை வகிக்கும் தகுதி இந்தியருக்கு உண்டா என வெளிப்படையாகவே ஐயுற்றது. எந்திரத்தைச் சோதித்துப் பார்த்த பின்னரே தீர்ப்பளிப்பவர் அர்தேசிர். அவரையோ, சோதித்துப் பாராமலேயே குறைகூற முற்பட்டனர். அவ்வையத்திற்கு, 16 ஆண்டுகள் அப்பொறுப்பில் நிலைத்து நின்ற அவரது பணியே விடையாயிற்று.

பளிங்கு மாளிகையும் பம்பாய்த் துறையும்

1851ஆம் ஆண்டு எந்திர வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மே முதல் நாள் இலண்டன் பளிங்கு மாளிகையில் பெரும் கண்காட்சி தொடங்கியது. பிரிட்டானியா பாலத்தின் மாபெரும் இரும்புக் குழாய்களைத் தூக்கி நிறுத்திய நீரழுத்த எந்திரம் அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டது. இருப்புப்பாதையில் ஓடும் நீராவி எந்திரங்களும் அணிவகுத்தன. அவற்றை மதிப்பிட நடுவர் குழுக்கள் அமைந்தன. நடுவருள் ஒரு பாதியினர் பிரித்தானியர்; மறுபாதியினர் பிறநாட்டார். புதுமை படைத்தவற்றுக்கு ஒரு பதக்கம், செய்நேர்த்தி மிக்கவற்றுக்கு மற்றொரு பதக்கம் என அவர்கள் பகுத்து வழங்கினர். இந்தியப் பகுதியில் காண்போரைக் கவர்ந்தவை தந்த அரியணையும் அம்பாரி சுமந்த யானை உருவமும் ஆகும். கோகினூர் வைரமும் அக்கண்காட்சியில் இடம்பெற்றது. இந்தியா என்றால் அணிகலனும் கைவினையுமே என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் பதிந்தது.

ஆனால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1851 பிப்ரவரியில், லௌஜி பேமிலி என்னும் 80 டன் நீராவிக்கப்பலை அர்தேசிர் பம்பாயில் கடலில் இறக்கியிருந்தார். அதன் உறுப்புகள் அனைத்தும் மசகானில் அவருடைய சொந்த வார்ப்பாலையிலேயே உருவானவை. நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். எனினும், பிறர் கண்ட கலையை முற்றக் கற்று, தம் மண்ணில், தம் மக்களின் கைத்திறனால் நிகழ்த்திக் காட்டினார். செய்நேர்த்திக்கு உரிய பாராட்டு அவருக்கு முழுதும் பொருந்தும்.

1849இல் அமெரிக்கா சென்றிருந்த அவர், மரவேலைக்கான எந்திரங்களை அங்கு வாங்கினார். பின்னர் நாட்டில் இருப்புப்பாதைகளும் தோன்றின. 1853இல் பம்பாயிலிருந்து தானேவுக்கும், 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கும் தொடர்வண்டிகள் ஓடின. இவ்வெந்திரங்களைப் பேணவல்ல இந்தியக் கைகள் உண்டு என்பதை அர்தேசிரும் அவர்தம் தொழிலாளரும் முன்னரே காட்டியிருந்தனர்.

நிறைவு

1857 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற அர்தேசிர், சிலகாலம் சிந்துநதி நீராவிப் படகு நிறுவனத்தின் பொறியாளராகப் பணிபுரிந்தார். இறுதிக்காலத்தை இங்கிலாந்தின் ரிச்மண்டில் கழித்து, 1877 நவம்பர் 16ஆம் நாள் மறைந்தார். இந்திய அஞ்சல்துறை 1969இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

கொதிகலன் தன்னைச் செய்தவரின் நாட்டையோ நிறத்தையோ அறியாது. அழுத்தத்தைத் தாங்கினால் அது தரமானது; தாங்காவிட்டால் தரமற்றது. மனிதரை மதிப்பிடுவதற்கும் பிறப்பை விடுத்துச் செயலையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்பதே அர்தேசிர் கர்செட்ஜியின் வாழ்வு உணர்த்தும் உண்மையாகும்.