பறவைகளைத் தீட்டிய எலிசபெத் அம்மையார்

வீட்டுக் கூடத்தையும் பள்ளி மண்டபத்தையும் அழகுபடுத்தப் பழங்காலப் பறவை ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைச் சட்டமிட்டு மாட்டுவதை இக்காலத்தில் பலரும் விரும்புகின்றனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட நாரையும் கழுகும் நம் சுவரில் வந்து அமர்கின்றன. காண்போர் அழகு என்று வியந்து செல்கின்றனர். ஆனால் அதைத் தீட்டிய கை யாருடையது என்று கேட்போர் மிகச் சிலரே. நம் தமிழகத்துப் பறவைகளை அவ்வாறு தீட்டியும், நெடுங்காலம் உலகத்தாரால் மறக்கப்பட்டிருந்த எலிசபெத் குவில்லிம் அம்மையாரின் வரலாற்றை இங்கே காண்போம்.

எலிசபெத் 1763ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் ஹெரிபோர்டு நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் சைமண்ட்ஸ் கட்டடக் கலைஞர். எலிசபெத்தும் தங்கை மேரியும் ஓவியக் கலையில் தேர்ச்சி பெற்றனர். எலிசபெத் ஹென்றி குவில்லிம் என்னும் வழக்கறிஞரை மணந்தார். அக்காலத்தில் சென்னையில் சுப்ரீம் கோர்ட் புதிதாக நிறுவப்பட்டது. அதன் நீதிபதிகளுள் ஒருவராக ஹென்றி நியமனம் பெற்றார். பல மாதக் கப்பற் பயணத்துக்குப் பின், 1801இல் கணவரும் மனைவியும் தங்கை மேரியும் சென்னை வந்து சேர்ந்தனர்.

நீதிபதியின் மனைவிக்கு அந்நாளில் வேலை என்று எதுவும் இல்லை. ஏவலுக்குப் பணியாளர்கள் இருந்தனர். விருந்துகளுக்குச் செல்வதிலும் விசிறியடியில் ஓய்வெடுப்பதிலும் பொழுதைக் கழித்திருக்கலாம். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. தாம் வந்து சேர்ந்த நாட்டை அறிய விரும்பினார். தெலுங்கு மொழியைக் கற்றார். ராட்லர் என்னும் புகழ்பெற்ற ஜெர்மானியப் போதகரிடம் தாவரவியல் பயின்றார். ஊரிலிருந்த தாய்க்கும் சகோதரிக்கும் நீண்ட கடிதங்கள் எழுதினார். நம் மக்களின் உணவு, உடை, திருவிழா, செடிகொடிகள், மழை, வெயில் யாவும் அவற்றில் இடம்பெற்றன. அக்கடிதங்கள் இன்றும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஆயினும் அம்மையாரின் உள்ளத்தைக் கவர்ந்தவை பறவைகளே. பறவை பிடிப்போர் கொண்டுவந்த பறவைகளைக் கண்முன் வைத்துக்கொண்டு நீர்வண்ணத்தில் தீட்டினார். இறந்து பதப்படுத்தப்பட்ட பறவைகளைப் பார்த்து விறைத்த உருவங்களை வரைவது அக்கால ஓவியர் பலரின் வழக்கம். அம்மையாரின் பறவைகளிலோ உயிர் தெரிகிறது. சிறகின் அடுக்கு, காலின் செதில், அலகின் வளைவு ஒவ்வொன்றையும் பொறுமையாக உற்று நோக்கித் தீட்டினார். கருநாரை போன்ற பெரிய பறவைகளைக் கூடப் பெரிய தாள்களில் வரைந்தார். பறவைகளை அவற்றின் இயற்கையான அளவிலேயே வரைந்து உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் ஆடுபான். அவருடைய நூல் 1827இல்தான் வெளிவரத் தொடங்கியது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் ஒரு பெண்மணி அத்தகைய பணியைச் செய்து முடித்திருந்தார் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

அம்மையாரின் வாழ்நாள் நீளவில்லை. 1807ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தம் 44ஆம் வயதில், சென்னையிலேயே காலமானார். புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அரசாங்கத்தாரோடு பிணக்கு ஏற்பட்டுத் திரும்ப அழைக்கப்பட்ட கணவர், மறு ஆண்டு மேரியுடன் தாய்நாடு திரும்பினார். ஓவியங்கள் நூலாக அச்சேறவில்லை. அவற்றைத் தீட்டியவரின் பெயரும் மறைந்தது.

1924இல் கேசி உட் என்னும் கண் மருத்துவர், கனடாவில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்துக்காகப் பறவை நூல்களைத் தேடி வந்தார். அப்போது லண்டனில் ஒரு பெரிய ஓவியத் தொகுப்பு அவர் கைக்குக் கிடைத்தது. அம்மையார் இறந்து 117 ஆண்டுகள் கழித்து அவர் பணி வெளிச்சத்துக்கு வந்தது. அத்தொகுப்பில் 121 பறவை ஓவியங்கள் இன்றும் உள்ளன. மெக்கில் பல்கலைக்கழகத்தார் அவற்றைக் கணினி வழியே யாவரும் காணுமாறு செய்துள்ளனர். கடல் கடந்து சென்ற நம் ஊர்ப் பறவைகள் இவ்வாறு நம்மிடமே திரும்பி வந்திருக்கின்றன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலை எண்ணிப் பார்ப்போம். அங்கே விதானத்துத் தாமரைக் குளத்தில் அன்னங்களும் மீன்களும் யானைகளும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. குகைக் கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. வண்ணம் குழைத்துத் தூரிகை பிடித்தவர்களின் பெயரை நாம் அறியோம். அம்மையாரின் பெயராவது மீண்டு வந்தது. வயலிலும் ஏரிக்கரையிலும் அலைந்து, அவருக்குப் பறவைகளைக் கொண்டுவந்து கொடுத்த நம் நாட்டு எளிய மக்களின் பெயர்கள் மீளவே இல்லை. அவர்கள் இன்றி அந்த ஓவியங்களும் இல்லை.

ஆகவே தோழியரே, நம் வகுப்பறையிலோ வீட்டிலோ இத்தகைய படத்தை மாட்டும்போது வெறும் அலங்காரமாக எண்ணி மாட்ட வேண்டாம். வெயில் நேரே படாத இடத்தில், நம் கண்மட்டத்துக்கு மாட்டுவோம். படத்தின் கீழே ஒரு சிறு அட்டையில் பறவையின் தமிழ்ப் பெயர், தீட்டியவர் பெயர், காலம், ஊர் ஆகியவற்றை எழுதி வைப்போம். அந்தப் பறவையை நம் ஊர்க் கண்மாய்க் கரையில் எப்போது காணலாம் என்பதையும் தேடி அறிந்து சேர்ப்போம்.

சிட்டுக்குருவிகளையும் இறைவன் மறப்பதில்லை என்று நற்செய்தியில் நாம் கற்றிருக்கிறோம். தாலந்து உவமையையும் அறிவோம். எலிசபெத் அம்மையார் தமக்கு அளிக்கப்பட்ட தாலந்தை மண்ணில் புதைக்கவில்லை. பாராட்டுவோர் இருப்பார்களா என்று பார்த்துப் பணி செய்யவுமில்லை. நாமும் நமக்குக் கிடைத்த திறமையை அவ்வாறே பேணுவோம். பிறர் உழைப்பைக் கண்டு மகிழும்போது அவர்கள் பெயரைக் கேட்டறிந்து நன்றியுடன் சொல்வோம்.