திருப்பி அனுப்பப்பட்ட துவக்குகள்: கெப்பட்டிபொல திசாவை

வெலிமடைப் பக்கம் காய்கறி வியாபாரம் செய்வோருக்குக் கெப்பட்டிபொல என்றால் பொருளாதார மத்திய நிலையமும் அங்கு வரிசையாக நிற்கும் லொறிகளுமே நினைவுக்கு வரும். அவ்வூர் தாங்கி நிற்கும் பெயருக்குரிய மனிதரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஓரிரு பந்திகளுக்கு மேல் நம்மில் பலர் படித்ததில்லை. ஊவாவில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் அவருடைய வரலாற்றைச் சற்று விரிவாக அறிந்திருப்பது அவசியமாகும். ஏனெனில் அந்த வரலாற்றில் நமது சமூகங்களும் இருக்கின்றன.

மொனரவில கெப்பட்டிபொல மாத்தளைப் பிரதேசத்தின் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர். கண்டியின் கடைசி மன்னனும் நாயக்கர் மரபினனுமான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆட்சியில் உயர் பதவி வகித்தவர். எஹெலப்பொல அதிகாரியின் மனைவி இவருடைய சகோதரி. 1814 இல் மன்னனின் கட்டளைப்படி பிள்ளைகளோடு அச்சகோதரி கொல்லப்பட்ட கொடுமை, பிரதானிகள் பலரை ஆங்கிலேயரின் பக்கம் தள்ளியது. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மன்னன் 1816 இல் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். கெப்பட்டிபொல புதிய ஆட்சியின் கீழ் ஊவாவின் திசாவையானார். ஆகவே, அவர் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலேயரை எதிர்த்தவர் என்று எழுதுவது பொருந்தாது. அவர்கள் கொடுத்த பதவியில் இரண்டரை ஆண்டுகள் இருந்தவர் அவர்.

கலகம் வெல்லஸ்ஸவில் தொடங்கியது. கிழக்குக் கரையிலிருந்து உப்பும் துணியும் கருவாடும் மாட்டுத் தவளங்களில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் முஸ்லிம்கள். அவர்கள் வெல்லஸ்ஸ திசாவையான மில்லவவின் அதிகாரத்திற்கு உட்பட்டிருந்தனர். பிரதானிகள் அறவிடும் கட்டணங்கள் குறித்து முறையிட்ட அவர்களுக்கெனத் தனியான தலைவரை ஆங்கிலேயர் 1817 இல் நியமித்தனர். அவரே முகாந்திரம் ஹஜ்ஜி மரிக்கார். முறைப்பாடு நியாயமானதாக இருக்கலாம். ஆனால் தமது அதிகாரத்தில் ஒரு பகுதி பிடுங்கப்பட்டதைப் பிரதானிகள் அவமதிப்பாகவே கொண்டனர். அவ்வேளையில் துரைசாமி என்னும் பெயருடன், நாயக்க அரச வம்சத்தின் உரிமையாளன் தானே என்று ஒருவன் காடுகளில் தோன்றினான். அவனைப் பிடிக்கச் சென்ற ஹஜ்ஜி மரிக்கார் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். 1817 ஒக்டோபரில் பதுளையின் உதவி வதிவிடப் பிரதிநிதி சில்வெஸ்டர் வில்சன் சிறியதொரு படையுடன் வெல்லஸ்ஸ சென்று, அம்பு பட்டு மாண்டார்.

துப்பாக்கி ஏந்திய படையினரின் தலைவன் அம்பினால் வீழ்ந்தான் என்பது கவனிக்கத்தக்கது. கண்டியரிடம் துவக்கு இல்லாமலில்லை. நமது கிழக்கு மாகாணப் பேச்சில் இன்றும் வழங்கும் துவக்கு என்ற சொல்லே சிங்களத்திலும் உண்டு. அந்தக் காலத்து ஆயுதங்களை இனங்காண விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது விசைப்பொறி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். ஐரோப்பியத் துப்பாக்கியில் அது வலப்புறம் இருக்கும். சிங்களக் கொல்லர் செய்ததில் இடப்புறம் இருக்கும். அடிக்கட்டை இரண்டாகப் பிளவுபட்டுச் சுருண்டிருக்கும். பித்தளையும் வெள்ளியும் இழைத்திருக்கும். ஆங்கிலேயச் சிப்பாயின் துப்பாக்கியோ அலங்காரமற்றது. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடுவது. 39 அங்குலக் குழலும் முக்கால் அங்குலத் துவாரமும் கொண்டது. பொறித் தகட்டில் கிரீடமும் மன்னர் ஜோர்ஜின் எழுத்துகளும் பொறித்திருக்கும். இவை தவிர, வெட்டுக்கிளிபோல் மரக்கால்களில் நிற்கும் சிறிய பீரங்கியும் கண்டியரிடம் இருந்தது. அதன் பெயர் கொடித்துவக்கு. (அது இன்றும் சிங்களக் குடும்பப் பெயராக வழங்குகிறது.) மருந்துக்கு வேண்டிய வெடியுப்பைக் குகைகளில் வௌவால் எச்சம் கலந்த மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தனர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி இதனை விபரித்துள்ளார். இத்தகைய கைத்தொழிலால் ஒரு பேரரசின் களஞ்சியத்துக்கு ஈடுகொடுப்பது எளிதன்று.

இந்தப் பின்னணியிலேயே கெப்பட்டிபொலவின் முடிவை நோக்க வேண்டும். கலகத்தை அடக்கும்படி தேசாதிபதி ரொபர்ட் பிரவுன்றிக் அவரை ஏறத்தாழ 500 பேருடன் ஊவாவுக்கு அனுப்பினார். 1817 நவம்பர் தொடக்கத்தில் அவர் கலகக்காரர்களுடன் சேர்ந்துகொண்டார். அரசாங்கம் கொடுத்த துவக்குகளையும் மருந்தையும் முதலில் திருப்பி அனுப்பிவிட்டே அவர் பக்கம் மாறினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எதிரியின் ஆயுதத்தாலேயே எதிரியைச் சுடுவது முறையன்று என அவர் கருதினாராம். போர்த்தந்திரம் அறிந்தோர் இதனை மடமை என்பர். நல்ல துவக்குகள் அரிதாக இருந்த படைக்கு அவை எவ்வளவு பயன்பட்டிருக்கும்! ஆனால் பிறரிடம் வாங்கிய பொருளை வைத்துக்கொண்டு அவருக்கெதிராக எழுவது அமானிதத்துக்குத் துரோகம் என்பதை முஸ்லிம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

உரிமை கோரியவன் அவரைத் தலைமை அதிகாரியாக்கினான். கலகம் ஊவாவிலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. 1818 பெப்ரவரியில் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. சென்னையிலிருந்து சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டனர். மலாய்ச் சிப்பாய்களும் ஆங்கிலேயக் கொடியின் கீழ் போரிட்டனர். ஒருபுறம் சிங்களவர், மறுபுறம் வெள்ளையர் என்று மட்டும் இப்போரை வரைவது எவ்வளவு பிழையானது என்பது இதிலிருந்து தெரியும். ஊவா – வெல்லஸ்ஸவில் வீடுகளும் களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன. வயல்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. ஆங்கிலேயர் தரப்பில் சுமார் 1,000 பேரும் கண்டியர் தரப்பில் சுமார் 10,000 பேரும் மாண்டிருக்கலாம் என்பது டேவியின் மதிப்பீடு. ஆங்கிலேயரில் பெரும்பாலானோரைக் கொன்றது காய்ச்சலே.

இதற்கிடையில், மன்னன் என்று வந்தவன் நாயக்கனும் அல்லன், அரச குலத்தவனும் அல்லன், வில்பாவே என்னும் சிங்களவன் என்ற உண்மை வெளிப்பட்டது. மடுகல்லே என்ற பிரதானி அவனைத் தொழுவிலிட்டார். கெப்பட்டிபொல இதனை முன்னரே அறிந்திருந்தாரா என்பதில் வரலாற்றாசிரியர் கருத்து வேறுபடுகின்றனர். எவ்வாறாயினும் கலகத்தின் உயிர்நாடி அத்தோடு அறுந்தது. 1818 ஒக்டோபர் 28 ஆம் திகதி அநுராதபுரப் பகுதியின் பறவஹகமவில் கெப்பட்டிபொல பிடிபட்டார். கலகக்காரர் கையில் இருந்த புனித தந்தமும் சில நாட்களில் ஆங்கிலேயர் வசமானது.

இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நவம்பர் இறுதியில் அவரும் மடுகல்லேயும் தலதா மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பின்னர் போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். கெப்பட்டிபொல கலங்காமல் சமய நூலை வாசித்து முடித்துத் தலை கொடுத்ததை இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் வியப்போடு பதிவு செய்துள்ளார். வியந்த அதே மார்ஷலே மண்டையோட்டை எடுத்துச் சென்று எடின்பரோவின் மண்டையியல் சங்கத்திடம் கொடுத்தார். மண்டையின் மேடுபள்ளங்களால் மனிதனின் குணத்தை அளக்கலாம் என்று நம்பிய சங்கம் அது. அந்த அறிவியல் பொய்யென்று தள்ளப்பட்டுப் பல தசாப்தங்கள் கழிந்த பின்னரும் மண்டையோடு அங்கேயே கிடந்தது. நாடு சுதந்திரமடைந்த 1948 இல் அது திரும்பி வந்தது. 1954 இல் தலதா மாளிகைக்கு முன்பாக அடக்கம் செய்யப்பட்டு, மேலே நினைவுத்தூண் எழுப்பப்பட்டது.

போர் பாழாக்கிய ஊவா மலைகளில் சில தசாப்தங்களில் கோப்பியும் பின்னர் தேயிலையும் நடப்பட்டன. அவற்றுக்காகத் தமிழகத்திலிருந்து நமது முன்னோர் கொண்டுவரப்பட்டது வேறு வரலாறு. 1818 ஜனவரியில் கெப்பட்டிபொல உள்ளிட்ட 19 பேரைத் துரோகிகளாக அறிவித்த வர்த்தமானி, 2016 டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவினால் இரத்துச் செய்யப்பட்டது. வெல்லஸ்ஸக் காட்டில் அந்தப் போரின் தொடக்கத்தில் மாண்ட ஹஜ்ஜி மரிக்காரைச் சிலர் இன்றும் காட்டிக்கொடுத்தவர் என்றே எழுதி வருகின்றனர். அவருடைய மக்களின் முறைப்பாடு என்ன, அதற்கு யார் செவிசாய்த்தார்கள், என்ன நோக்கத்துக்காகச் செவிசாய்த்தார்கள் என்ற கேள்விகள் அந்த எழுத்துகளில் காணப்படுவதில்லை.