காம்ப்டனின் முழங்கால்

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு கால் தேறிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? இக்கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் இங்கிலாந்து வீரர் டெனிஸ் காம்ப்டன்.

1918-இல் பிறந்த அவர், கோடையில் மிடில்செக்ஸ் அணிக்காகக் கிரிக்கெட்டும், குளிர்காலத்தில் ஆர்செனல் அணிக்காகக் கால்பந்தும் ஆடினார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பணியில் இந்தியாவில் இருந்தவர், ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹோல்கர் அணிக்காக ஆட்டமிழக்காமல் 249 ஓட்டங்கள் குவித்தார். 1947-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் எடுத்த 3,816 ஓட்டங்களும் 18 சதங்களும் இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனைகள்.

ஆனால், போருக்கு முன்பே கால்பந்துக் களத்தில் எதிரணிக் கோல் காவலருடன் மோதிக் காயமுற்ற முழங்கால் அவரை விடவில்லை. 1955-இன் இறுதியில் முழங்கால் சில்லையே அகற்ற நேர்ந்தது. தொடைத் தசையின் விசையைக் கீழ்க்காலுக்குக் கடத்தும் நெம்புகோல் அது. அதை இழந்த காலால் முன்போல வலுவாக நீட்டி ஊன்ற இயலாது. எனினும் 1956 ஆகஸ்டில், தமது 38-ஆம் வயதில், ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 94 ஓட்டங்களும், இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 35 ஓட்டங்களும் எடுத்தார். மறு ஆண்டே தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார்.

காம்ப்டன் இழந்தது சில்லை. இன்று விளையாட்டு வீரர்கள் பெரிதும் அஞ்சுவது தசைநார்க் கிழிசலை. ஆயினும், இரண்டுக்கும் கேள்வி ஒன்றே. தசைநார் சீரமைப்புக்குப் பின் ஒற்றைக் காலால் தாவச் செய்து தூரத்தை அளக்கிறார்கள். தொடை வலுவைக் கருவியால் கணிக்கிறார்கள். மற்றக் காலின் திறனில் குறைந்தது 90 விழுக்காட்டை எதிர்பார்க்கிறார்கள். ஓய்வில் அந்த நல்ல காலும் நலிந்திருக்கக்கூடும் என்பதால், இந்த விகிதம் மட்டுமே போதாது. ஓடித் திடீரெனத் திரும்புகையில் முழங்கால் உள்நோக்கி மடிகிறதா, காலை நம்பி ஊன்ற மனம் துணிகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். ஒன்பது மாதங்களுக்கு முன்பே களமிறங்குவோருக்கு மீண்டும் காயமுறும் ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் உணர்த்துகின்றன.

வலி நின்றதையும் இயல்பாக நடப்பதையும் முழு நலம் என்று கொண்டு, பயிற்சியைப் பாதியில் கைவிடுவோர் பலர். காலின் திறனை அது செய்ய வேண்டிய வேலையைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அலுவலகம் செல்பவருக்கு மாடிப்படி; வயலில் உழைப்பவருக்குக் குந்தி எழுதல்; ஆட்டக்காரருக்கு ஆடுகளம். ஓவலில் காம்ப்டனின் கால் அவ்வாறே அளக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் விலகியதையும் தோல்வியாக நான் கருதவில்லை. தம் காலின் எல்லையை அறிந்தவரின் முடிவு அது.