விளக்கேற்றிய பெருமகன் சேர் சி. வி. இராமன்

கோயில் ஒன்றைக் கட்டிக் குடமுழுக்குச் செய்துவிட்டால் பணி முடிந்துவிடுவதில்லை. நாள் தவறாது விளக்கேற்றிப் பூசை நடத்தும் கைகள் வேண்டும். அவை இல்லையேல், கோபுரம் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் உள்ளே இருள்தான். விஞ்ஞான ஆராய்ச்சி நிலையங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். இதனைத் தம் வாழ்வால் விளக்கியவர் சேர் சந்திரசேகர வெங்கட இராமன். நோபல் பரிசு பெற்ற தமிழர் என்றே அவரை நம்மிற் பலர் அறிவோம். வாரந்தோறும் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய இராமனையே இம்மலரில் நாம் நினைவுகூர விரும்புகின்றோம்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பௌதிகம் பயின்றார். இந்திய நிதித்துறைப் போட்டிப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி, 1907இல் கல்கத்தாவில் உயர்ந்த உத்தியோகத்தில் அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டே.

கல்கத்தாவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெருந்தகை 1876இல் விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவியிருந்தார். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அவர் கட்டிய அந்தக் கூடத்தில் விரிவுரைகள் நிகழ்ந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆளில்லை. அந்த ஏக்கத்துடனேயே 1904இல் சர்க்கார் கண்மூடினார். மூன்றாண்டு கழித்து, வீதியிற் செல்கையில் அக்கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்ட இராமன் உள்ளே நுழைந்தார். அன்று முதல், கந்தோருக்குப் போகுமுன் காலையிலும், கந்தோர் விட்டபின் இரவு வரையிலும் அங்கேயே உழைத்தார். இடையிலே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றம் வந்தது. மீண்டும் கல்கத்தா திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியப் பதவிக்கு அழைத்தது. சம்பளம் பெரிதும் குறைவு. எனினும் உத்தியோகத்தைத் துறந்தார். 1919இல் கழகத்தின் கௌரவ காரியதரிசியானார். நிருவாகச் சுமை கூடியபோதும் அவர் ஆய்வுமேசையை விட்டு விலகவில்லை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் திரண்டனர். மிருதங்கம், வீணை ஆகியவற்றின் ஒலியையும் அவர் ஆராய்ந்தார். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானப் பட்டதாரியாயிருந்தும் பழந்தமிழர் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டதை அறிந்த நமக்கு, இந்த ஈடுபாடு புதியதன்று.

1921இல் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலிற் பிரதிபலிக்கின்றது என்று அக்காலத்து அறிஞர் கருதினர். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று இராமன் காட்டினார். கல்முனைக் கடற்கரையில் நாளும் அந்த நீலத்தைக் காணும் நாம், அதுபற்றி ஒரு வினா எழுப்பியதுண்டா என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

அவ்வினா ஏழாண்டு அவரை விடவில்லை. திரவங்களை ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்தி, ஒளியைச் செலுத்தி, சிதறும் ஒளியை ஆராயும் பணி ஓயாது நடந்தது. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் அதிற் பெரும்பங்கு கொண்டார். 1928 பெப்ரவரி 28ஆம் நாள், சிதறிய ஒளியில் புதிய நிறக்கதிர் கலந்திருப்பது உறுதியாயிற்று. அதே காலத்தில் மொஸ்கோவிலும் இரு அறிஞர் பளிங்குகளில் இதனைக் கண்டிருந்தனர். ஆனால், இராமன் 1926இலேயே பௌதிகச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கி வைத்திருந்தார். மார்ச்சு முடியுமுன் கட்டுரை அச்சேறி உலகெங்கும் சென்றது. மொஸ்கோ அறிஞரின் கட்டுரை சில மாதம் பிந்தியே வந்தது. 1930இல் நோபல் பரிசு இராமனை அடைந்தது. வாரந்தவறா உழைப்பும், ஆயத்தமாயிருந்த அச்சுக்கூடமும் சேர்ந்து தந்த வெற்றி அது.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்துக்கு முதல் இந்தியப் பணிப்பாளராக அவர் சென்றார். இங்கேதான் சோதனை வந்தது. பௌதிகப் பகுதியைப் புதிதாக நிறுவினார்; அதற்குப் பணம் தேவைப்பட, ஏனைய பகுதியினர் தம் பங்கு குறைவதாகக் குறைப்பட்டனர். ஹிட்லர் ஆட்சியிற் பதவியிழந்த மேதை மாக்ஸ் போர்ன் என்பாரை அழைத்து வந்து நிலையாக அமர்த்த முயன்றார், அது கைகூடவில்லை. விசாரணைக் குழு அமைந்தது. 1937இல் பணிப்பாளர் பதவியை அவர் துறக்க நேர்ந்தது. பேராசிரியராக மட்டும் 1948 வரை நீடித்தார்.

பெரியோரைப் போற்றும்போது அவர்தம் குறைகளை மறைத்தல் முறையன்று. பல பகுதிகளையும் அரவணைத்துச் செல்லும் பொறுமை அவரிடம் குறைவாயிருந்தது. கமலா என்னும் மாணவி 1933இல் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டபோது, பெண் என்பதால் முதலில் மறுத்தார். பின் நிபந்தனைகளுடன் ஏற்றார். அம்மாணவி திறமையை நாட்டி, கேம்பிரிட்சிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். கமலா சோஹோனி என உலகம் அறிந்தவர் அவரே. ஆய்வுகூடத்தின் வாயில் ஆணுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் வாழ்வு மெய்ப்பித்தது.

பதவி போயிற்றேயன்றிப் பணி போகவில்லை. 1934இல் தாம் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக இறுதிவரை விளங்கினார். மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில், நன்கொடை திரட்டி, 1948இல் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டார். அரசாங்கப் பணம் வந்தால் சுதந்திரம் போய்விடும் என அஞ்சி, அதனை ஏற்க மறுத்தார். அறுபது வயதுக்குப் பின்னும் வைரங்களையும் மலர்களின் நிறங்களையும் அங்கே ஆராய்ந்தார். பள்ளிச் சிறுவர் வந்தால் தாமே அழைத்துச் சென்று கற்களையும் பளிங்குகளையும் காட்டி மகிழ்ந்தார். 1970 நவம்பர் 21ஆம் நாள் அமரரானார். அந்நிலையத்தின் தோட்டத்திலேயே அவருடல் தகனஞ் செய்யப்பட்டது.

இளைஞர்களே! கல்கத்தாவிற் கூடம் இருந்தது, கருவிகள் இருந்தன, முப்பதாண்டு ஒளியில்லை. நாள்தோறும் சென்று உழைக்க ஒருவர் வந்ததும் உலகமே அதனைத் திரும்பிப் பார்த்தது. கட்டடம் எழுப்புவதும், தலைவர் செயலாளரைத் தெரிவதும், ஆண்டு விழா எடுப்பதும் நமக்கு எளிது. விழா முடிந்த மறுவாரமும், அதற்கடுத்த வாரமும் யார் வந்து கதவைத் திறப்பது என்பதே வினா. நம் வாசிகசாலையிலும், பாடசாலை ஆய்வுகூடத்திலும், வார இறுதி வகுப்பிலும் அவ்வினாவுக்கு நாமே விடையாவோமாக.