ருடால்ப் டீஸலும் கடலை எண்ணெயும்

டீஸல் என்ற சொல்லை நாள்தோறும் வழங்கும் நம்மவரில், அது ஒரு மனிதருடைய பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. அமராவதி நகர் முதல் திருப்பூர் வரையுள்ள பிரதேசத்தில் மின்சாரம் வருமுன் கிணற்று நீரை இறைத்ததும், மின்சாரம் நின்ற வேளையில் பனியன் ஆலைகளை ஓட்டுவதும், நூல் மூட்டைகளைச் சுமக்கும் லாரிகளை இழுப்பதும் அவர் கண்ட யந்திரமே. அறிந்த சிலரும் அவரைப்பற்றிய ஒரு கதையைத் தவறாகவே அறிந்திருக்கின்றனர். அவர் தமது யந்திரத்தைக் கடலை எண்ணெய்க்கென்றே செய்தார் என்றும், பிற்காலத்து எண்ணெய் முதலாளிகள் அதைத் திசை திருப்பிவிட்டனர் என்றும், ஆகவே பழைய டீஸல் கார் ஒன்றிருந்தால் காங்கயத்துத் தேங்காயெண்ணெயை ஊற்றியே காலங் கழிக்கலாம் என்றும் கூறுகின்றனர். இவ்வார்த்தையை நம்பிப் பாழான எஞ்சின்கள் அநேகம். ஆதலின் அம்மனிதருடைய சரித்திரத்தை உள்ளவாறு கூறுதல் அவசியமாகிறது.

ருடால்ப் டீஸல் 1858-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகரத்திலே பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், தந்தை தோல் வேலை செய்யும் கைத்தொழிலாளி. 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் யுத்தம் மூண்டபோது, ஜெர்மானியர் என்ற ஒரே குற்றத்திற்காக அக்குடும்பம் லண்டனுக்கு ஓட நேர்ந்தது. பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பினர். பின்னர் ம்யூனிக் பாலிடெக்னிக்கில் படித்து 1880-ல் மிக உயர்ந்த மதிப்புடன் தேறினார். குளிர்சாதன யந்திரத்தில் பேர்பெற்ற கார்ல் லிண்டே அங்கு அவருக்கு ஆசிரியர். நீராவி யந்திரம் தான் தின்னும் கரியின் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்குகிறதென்று வகுப்பிலே கேட்ட செய்தி, அவ்விளைஞர் மனத்தில் முள்ளாய்த் தைத்தது.

காற்றை மட்டும் சிலிண்டருக்குள் மிகக் கடுமையாய் அழுத்தினால், அவ்வழுத்தத்தினாலேயே அது கொதித்தெழும். அப்போது எரிபொருளைப் பீச்சினால், பொறி ஏதுமின்றித் தானே பற்றிக்கொள்ளும். இதுவே அவர் 1892-ல் பேடண்டு கோரிய தத்துவம். 1893-ல் ஆக்ஸ்பர்க் ஆலையில் முதற் சோதனை நடந்தபோது அளவு கருவி வெடித்துச் சிதறியது. பின்னும் நான்கு வருஷம் உழைத்து, 1897 பிப்ரவரியில் நூற்றுக்கு 26 பங்கு சக்தியைப் பயனாக்கும் எஞ்சினை உலகுக்குக் காட்டினார். பெரிய ஆலைகளுக்கு மட்டுமே கைகூடிய யந்திர சக்தியைச் சிறு தொழிலாளியின் பட்டறைக்கும் கொடுக்கவேண்டும் என்பது அவரது விருப்பம். எரிபொருளாக நிலக்கரித் தூளையும் முதலில் எண்ணியிருந்தார். நடைமுறையில் வெற்றி கொடுத்தது மண்ணிலிருந்து எடுத்த எண்ணெயே. கடலை எண்ணெயின் பேச்சே அப்போது எழவில்லை.

அது எழுந்தது 1900-ல், பாரிஸ் கண்காட்சியில். பிரெஞ்சு அரசாங்கத்தார் விருப்பப்படி, ஓட்டோ கம்பெனியார் ஒரு சிறிய டீஸல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினர். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் வேர்க்கடலை மிகுதியாய் விளைவதால், அங்கேயே சக்தியை உண்டாக்கலாம் என்பது கருத்து. (நமது தென்னாற்காட்டுக் கடலையும் புதுச்சேரித் துறைமுகம் வழியே மார்சேய்ல்ஸ் எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. யாருடைய சௌகரியம் கருதப்பட்டது என்பதை வாசகரே ஊகிக்கலாம்.) மண்ணெண்ணெய் வகைகளுக்கென்று செய்த எஞ்சின் எவ்வித மாறுதலுமின்றி ஓடியதே அங்கு அதிசயம். டீஸல் பிறகு தாமும் இதனைச் சோதித்தார். 1912-ல் இங்கிலாந்தில் செய்த பிரசங்கத்தில் தாவர எண்ணெய்களுக்கு ஒரு காலம் வரக்கூடும் என்றும் தெரிவித்தார்.

ஆயின் அந்த எஞ்சின் ஓரிடத்தில் நின்று நிதானமாய்ச் சுழன்றது. அமுக்கிய காற்றின் பலத்தால் எண்ணெயைத் தூளாக்கிக்கொண்டது. இன்றைய காரிலோ, பம்பு ஒன்று மயிரிழை போன்ற துவாரங்களின் வழியே எண்ணெயைச் செலுத்தவேண்டும். கடலை எண்ணெய் டீஸலைவிடச் சுமார் பத்து மடங்கு தடிப்பு. அது புகையாய்ப் பரவாமல் துளியாய் விழுகிறது. துளி முற்றும் எரிவதில்லை. எரியாதது நாஸில் முனையில் கரியாய் இறுகுகிறது, பிஸ்டன் வளையங்களை ஒட்டவைக்கிறது. வளையங்களைத் தாண்டி வழிவது கீழுள்ள எஞ்சின் ஆயிலோடு கலந்து, அதைப் பசைபோல் ஆக்கிவிடுகிறது. வண்டிக்காரருக்கு முதல் சில நூறு மைல்களில் ஒன்றும் தெரியாது. புகையில் வடை வாசனை வீசுகிறதென்று மகிழ்ந்துமிருப்பார். தேங்காயெண்ணெய்க்கு வேறொரு குணமும் உண்டு: சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். ஆனைமலை அடிவாரத்தில் மார்கழிக் காலையில் வண்டி எழும்பாததற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

எஞ்சினின் சூட்டு நீரால் எண்ணெயை முன்னதாகக் காய்ச்சி, புறப்படும்போதும் நிறுத்துமுன்பும் டீஸலில் ஓட்டினால் இத்தீங்கு குறையும். முன்னறையில் எண்ணெயைப் பீச்சும் பழைய வகை எஞ்சின்கள் சற்றுப் பொறுமையுடையவை. பொறுமை வேறு, ஆரோக்கியம் வேறு.

டீஸலின் சொந்த வாழ்வு கண்டுபிடிப்பைப்போல் வெற்றி பெறவில்லை. பேடண்டு வழக்குகளும், முதலில் விற்ற எஞ்சின்களின் பழுதுகளும் அவரது உடலையும் மூளையையும் வாட்டின. சம்பாதித்த பெருஞ் செல்வத்தைத் தவறான முதலீடுகளில் இழந்தார். 1912-ல் ஸெலாண்டியா என்னும் டேனிஷ் கப்பல் அவரது எஞ்சினால் சமுத்திரத்தைக் கடந்தது. மறு வருஷமே, செப்டம்பர் 29-ந் தேதி இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற டிரெஸ்டன் என்னும் கப்பலில் உணவருந்திவிட்டு அறைக்குப் போனவரைக் காலையில் காணோம். பத்து நாட்களுக்குப் பின் டச்சுப் படகொன்று அவரது உடலைக் கண்டது. சட்டைப் பையிலிருந்த பொருள்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். அப்பொருள்களைப் பார்த்து மகன் அடையாளம் சொன்னார். குடும்பத்துக்கு எஞ்சியவை கடன்களே.

அவர் எண்ணியதற்கு வழி பிறந்தது 1937-ல். பெல்ஜியத்துப் பேராசிரியர் ஷவான், பனையெண்ணெயைச் சாராயத்தோடு சேர்த்து ரஸாயன மாறுதல் செய்து, தடிப்பான கிளிசரினைப் பிரித்தெடுக்கும் முறைக்குப் பேடண்டு பெற்றார். அடுத்த வருஷம் அவ்வெண்ணெயால் ப்ரஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பஸ் ஓடிற்று. 2002 டிசம்பர் 31-ந் தேதி நமது ரயில்வேயார் டில்லி-அமிருதசரஸ் சதாப்தி ரயிலில் நூற்றுக்கு 5 பங்கு கலந்து பார்த்ததும் இவ்விதம் பக்குவப்படுத்திய எண்ணெயையே; செக்கிலிருந்து நேரே வந்ததையன்று.