சைக்கிளில் கோட்டைகளைத் தேடிய வாலிபர்

அரேபிய லாரன்ஸ் என்றதும் ஒட்டகம்தான் நினைவுக்கு வரும். வெள்ளை அங்கி, இடுப்பில் வளைந்த கத்தி, சுற்றிலும் மணற்காடு. 1962-ல் வெளிவந்த ஆங்கிலப் படம் அந்தத் தோற்றத்தை உலகம் முழுவதும் பரப்பிவிட்டது.

ஆனால் ஒட்டகத்தில் ஏறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். பாலைவனத்தில் அவருக்குக் கைகொடுத்த உடல் உரம், நிலத்தின் மேடு பள்ளங்களை எடைபோடும் கண், அரை வயிற்றோடு நாள் முழுவதும் பிரயாணம் செய்யும் பழக்கம் ஆகிய மூன்றும் பிரான்சு நாட்டுக் கிராமச் சாலைகளில் வந்தவை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

மறைத்து வைத்த பெயர்

தாமஸ் எட்வர்டு லாரன்ஸ் 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி வேல்ஸ் நாட்டில் டிரமடாக் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அயர்லாந்தில் நிலபுலன் உள்ள பிரபு குடும்பத்தவர். மனைவியையும் நான்கு பெண் குழந்தைகளையும் விட்டுவிட்டு, அந்தக் குழந்தைகளைக் கவனிக்க வந்த ஆசிரியையோடு ஊரைவிட்டு வந்தவர். லாரன்ஸ் என்பது அவர்களாகச் சூட்டிக்கொண்ட பெயர்.

அவர்களுக்கு ஐந்து ஆண் குழந்தைகள். நம் லாரன்ஸ் இரண்டாமவர். பெற்றோர் முறைப்படி மணம் செய்துகொள்ளாதவர்கள். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்ற பயத்தில் குடும்பம் ஊர் ஊராக மாறியது. பிரான்சின் பிரிட்டனிக் கரையில் உள்ள தினார் என்ற ஊரிலும் சில ஆண்டுகள் தங்கினார்கள். 1896-ல் ஆக்ஸ்போர்டு நகரில் நிலையாகக் குடியேறினார்கள்.

தந்தைக்கு சைக்கிள் என்றால் உயிர். அந்த ஆசை மகனையும் தொற்றிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்று வட்டாரத்துப் பழைய மாதா கோவில்களுக்குப் போவார். அங்குள்ள கல்லறைகளில் பித்தளைத் தகட்டில் செதுக்கிய மாவீரர்களின் உருவங்களைக் காகிதத்தில் தேய்த்துப் படியெடுத்து வருவார். அவருடைய அறைச் சுவர் முழுவதும் கவசம் அணிந்த வீரர்கள்! வீரர்களைப் பார்த்து முடித்த கண், அவர்கள் வாழ்ந்த கோட்டைகளைத் தேடியது.

கடலைத் தாண்டிய சைக்கிள்

1906-ம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பள்ளித் தோழர் ஒருவருடன் பிரிட்டனிக்குப் புறப்பட்டார். அப்போது வயது 18 கூட நிறையவில்லை. தினாரில் குடும்ப நண்பர்களின் வீட்டில் தங்கி, அக்கம் பக்கத்துக் கோட்டைகளைச் சைக்கிளிலேயே சுற்றிப் பார்த்தார். மறு ஆண்டு மீண்டும் போனார். அந்தத் தடவை சிறிது தூரம் தந்தையும் கூடவே சைக்கிள் மிதித்தார்.

அந்தப் பயணத்தில் அவரை மயக்கியது ஷாத்தோ காயார் கோட்டை. சேன் நதியின் வளைவில், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையின் உச்சியில் நிற்கிறது. சிங்க நெஞ்சன் ரிச்சர்டு மன்னர் 1196 முதல் 1198 வரை, இரண்டே ஆண்டுகளில் கட்டி முடித்தது. அதன் உள்மதில் நேராக இல்லை. அலை அலையாகப் புடைத்து நிற்கும். எறிகற்கள் வந்து மோதினால் வழுக்கிப் போகட்டும் என்ற ஏற்பாடு. அத்தனை சாமர்த்தியம் இருந்தும், ரிச்சர்டு இறந்து ஐந்து ஆண்டுகளுக்குள், 1204-ல், பிரஞ்சு மன்னர் பிலிப்பு அதைப் பிடித்துவிட்டார். பிடிக்க முடியாத கோட்டை என்று உலகத்தில் ஒன்று இல்லை. இந்தப் பாடத்தை லாரன்ஸ் புத்தகத்தில் படிக்கவில்லை. பாறையில் ஏறிப் படித்தார்.

இரண்டாயிரத்து நானூறு மைல்

1908-ம் ஆண்டுப் பயணம்தான் பெரியது. அப்போது அவர் ஆக்ஸ்போர்டில் ஜீசஸ் கல்லூரி மாணவர். தனியாகவே கிளம்பினார். வடக்கே லெ ஹாவர் துறைமுகத்தில் இறங்கியவர், கிழக்கே திரும்பித் தெற்கே இறங்கி, மத்தியதரைக் கடலைத் தொட்டு, மேற்கு வழியாகத் திரும்பினார். மொத்தம் சுமார் 2,400 மைல். அத்தனையும் கால் பலத்தில்!

அவருடைய சாப்பாட்டைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பால், ரொட்டி, பழம். பெரும்பாலும் அவ்வளவுதான். பெரிய ஓட்டல்களை அவர் நாடவில்லை. காமிரா ஒன்று கூட வந்தது. கோட்டைக்குப் போனதும் மதில்களை அளப்பார், தரைப்படம் வரைவார், போட்டோ எடுப்பார். இரவில் தாயாருக்கு நீண்ட கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்கள் 1954-ல் புத்தகமாக வெளிவந்தன. தாய்க்கு எழுதும் கடிதத்தில் க்ஷேம லாபத்தைவிடக் கல்லும் சுவரும்தான் அதிகம்!

சைக்கிள் ஏன்? பழைய கோட்டைகள் ரயிலடியில் நிற்பதில்லை. குன்றின் மேலும் ஆற்றுத் திருப்பத்திலும் ஒதுங்கி நிற்கும். சைக்கிளில் வருகிறவனுக்கு மேடு எது, பள்ளம் எது என்று கால் வலியே சொல்லிவிடும். இந்த இடத்தில் ஏன் கோட்டை கட்டினார்கள், எதிரி எந்தப் பக்கம் மூச்சு வாங்க ஏறி வந்திருப்பான் என்பது அவனுக்குத் தானாகவே விளங்கும்.

தெற்கே லெ போ என்ற பாறை ஊரின் உச்சியிலிருந்து முதன்முதலாக மத்தியதரைக் கடலைக் கண்டார். எந்தக் கடலைக் கடந்து சிலுவைப் போர் வீரர்கள் கிழக்கே போனார்களோ, அந்தக் கடல்! அடுத்து எய்க் மோர்த் நகரம். ஒன்பதாம் லூயி மன்னர் 1248-ல் சிலுவைப் போருக்குக் கப்பல் ஏறிய இடம். அந்தப் பகுதிச் சதுப்பு நிலத்தில்தான் லாரன்சுக்கு மலேரியாக் காய்ச்சல் பிடித்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படியும் சைக்கிள் நிற்கவில்லை. இரட்டை மதில் சூழ்ந்த கார்க்கசோன் நகரம், ரிச்சர்டு மன்னர் அம்பு பட்டு மாண்ட ஷாலு கோட்டை என்று சுற்றிக்கொண்டு, ஷார்த்ர் நகரத்து மாபெரும் மாதா கோவிலைக் கண்டு வியந்து ஊர் திரும்பினார்.

ஒரே ஒரு கேள்வி

இந்த அலைச்சல் வெறும் பொழுதுபோக்கு அல்ல. அவர் மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. மேற்கே உள்ளவர்கள் நல்ல கோட்டை கட்டக் கற்றது எங்கே? சிலுவைப் போருக்குப் போன இடத்தில், கிழக்கத்தியரிடமிருந்து கற்று வந்தார்கள் என்பது அன்றைய அறிஞர்கள் பலரின் கருத்து. லாரன்சுக்குச் சந்தேகம். பிரான்சில் பார்த்தாயிற்று, மறு கரையையும் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

1909-ம் ஆண்டுக் கோடையில் சிரியாவுக்குப் போனார். அங்கே சைக்கிள் இல்லை; நடைதான். சுமார் 1,100 மைல் நடந்தார். வழிப்பறிக்காரன் அடித்துப் போட்டுவிட்டு உடைமைகளைப் பறித்தான். உடைந்த உடம்போடு கல்லூரிக்குத் தாமதமாக வந்து சேர்ந்தார். மேற்கத்தியர் தங்கள் கலையைத் தாங்களே கிழக்கே கொண்டு போனார்கள் என்று ஆய்வுரை எழுதினார். 1910-ல் முதல் வகுப்பில் தேறினார். பிற்கால அறிஞர்கள் அவர் முடிவை முழுவதும் ஏற்கவில்லை. கொடுக்கலும் வாங்கலும் இருபுறமும் நடந்தது என்கிறார்கள். ஆனால் நேரில் போய் அளந்து பார்த்தவர் என்ற பெருமையை யாரும் மறுக்கவில்லை.

அமைதி குலைந்த மண்

பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை. சிரியாவில் புதைபொருள் ஆராய்ச்சி. 1914-ல் மகா யுத்தம். துருக்கியரை எதிர்த்து எழுந்த அராபியருடன் 1916 அக்டோபரில் சேர்ந்தார். 1917 ஜூலையில் அகாபாத் துறைமுகம் விழுந்தது. 1918 அக்டோபர் 1-ந் தேதி டமாஸ்கஸ் நகருக்குள் புகுந்தார்.

ஆனால் அதே யுத்தம் பிரான்சில் என்ன செய்தது? 1915 மே மாதம் தம்பி பிராங்க் அங்கே போர்முனையில் மாண்டார். அவருக்கு வயது 22. டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, போருக்காகத் திரும்பிப் போன இன்னொரு தம்பி வில், அதே ஆண்டு அக்டோபரில் விமானத்தில் பறந்தபோது பிரஞ்சு மண்ணில் வீழ்ந்தார். லாரன்ஸ் சைக்கிளில் போய்ப் பார்த்த கூசி கோட்டையின் உருண்டைக் கோபுரம் சுமார் 180 அடி உயரம். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் நின்றது. பின்வாங்கிய ஜெர்மன் படை 1917 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்தது.

இன்னொரு வேதனையும் காத்திருந்தது. துருக்கியரை வென்றால் விடுதலை என்று அராபியர் நம்பினார்கள். பிரிட்டனும் பிரான்சும் 1916-லேயே அந்த நிலத்தை ரகசியமாகப் பங்கு போட்டுவிட்டன. சிரியா பிரான்சுக்கு! 1919-ல் பாரிஸ் சமாதான மகாநாட்டில் அராபியத் தலைவர் பைசலுக்குத் துணையாக நின்று லாரன்ஸ் வாதாடினார். பயன் இல்லை. 1920 ஜூலையில் பிரஞ்சுப் படை டமாஸ்கசில் புகுந்து பைசலை வெளியேற்றியது. எந்த நாட்டின் சாலைகள் இளமையில் அவரை வளர்த்தனவோ, அந்த நாடே அவருடைய கனவுக்குக் குறுக்கே நின்றது. தம் நாடு கொடுத்த வாக்கைத் தாமும் சேர்ந்து பொய்யாக்கியதாக அவர் மனம் புழுங்கினார்.

மீண்டும் சைக்கிள்

புகழ் அவருக்குச் சுமையாயிற்று. தந்தையைப் போலவே அவரும் பெயரை மாற்றிக்கொண்டார். 1922-ல் ராஸ் என்ற பெயரிலும், பின்னர் ஷா என்ற பெயரிலும், விமானப் படையிலும் டாங்கிப் படையிலும் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1927, 1928-ம் ஆண்டுகளில் இன்று பாகிஸ்தானில் உள்ள கராச்சியிலும் மிரான்ஷாவிலும் வேலை பார்த்தார்.

1935 பிப்ரவரி 26-ந் தேதி படையிலிருந்து விலகினார். வேகமாகப் பறக்கும் மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்தது. ஆனால் அன்று பிரிட்லிங்டன் என்ற ஊரிலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பியது சாதாரணச் சைக்கிளில். இருபது வயதில் போனது போலவே, தனியாக.

மே மாதம் 13-ந் தேதி மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு பள்ளம். அதற்கு அப்பால் வருவது கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று எதிரே இரண்டு சிறுவர்கள். இருவரும் சைக்கிளில்! அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து, 19-ந் தேதி காலமானார். வயது 46. அவருக்குச் சிகிச்சை செய்த மூளை வைத்தியர் கேர்ன்ஸ், பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தலைக்கவசம் வேண்டும் என்று ஆராய்ச்சி செய்து வலியுறுத்தினார். இன்று லட்சக்கணக்கான தலைகளைக் காக்கும் கவசத்துக்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

அவர் மாணவராக எழுதிய ஆய்வுரை, மறு ஆண்டு 1936-ல் புத்தகமாயிற்று. படைத் தளபதியாக அவர் பிடித்த ஊர்கள் கைமாறிப் போயின. சைக்கிள் மிதித்துப் போய் அவர் அளந்து வைத்த கோட்டைகள் அந்தப் புத்தகத்தில் நிற்கின்றன.