1946-லேயே பட்டனில் ஓடிய பொம்மை ரயில்... யார் இந்த லயனல் கோவன்?

பொம்மை ரயிலை இப்போது செல்போனிலேயே ஓட்டலாம். ப்ளூடூத்தை ஆன் செய்தால் போதும்: வேகம், விசில், ரிவர்ஸ் எல்லாமே விரல் நுனியில். இது ஏதோ நேற்று வந்த டெக்னாலஜி என்று நினைத்தால் தப்பு. டிவியே பெரும்பாலான வீடுகளுக்கு வராத 1946-ல், அமெரிக்கக் கடைகளில் ரேடியோ சிக்னலில் இயங்கும் ரயில் செட் விற்பனைக்கு வந்துவிட்டது. அதை விற்ற கம்பெனியின் பெயர் லயனல். அதன் நிறுவனர் ஜோஷுவா லயனல் கோவன்.

1877 ஆகஸ்ட் 25-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்போது அவர் பெயர் கோஹன். 1910-ல்தான் கோவன் என்று மாற்றிக்கொண்டார். ஏழு வயதில் மர ரயிலுக்குள் குட்டி நீராவி இன்ஜினைப் பொருத்தி, அது வெடித்து வீட்டுச் சுவரே நாசமானதாக ஒரு கதை உண்டு. தன்னைப் பற்றிக் கதை சொல்வதில் கோவன் கெட்டிக்காரர் என்பதால், இதை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம்.

கல்லூரிப் படிப்பை அவர் முடிக்கவில்லை. ஆனால் 1899-ல், போட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷ் பவுடரைப் பற்றவைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதைப் பார்த்த அமெரிக்கக் கடற்படை, கண்ணிவெடிகளுக்கான 24,000 டெட்டனேட்டர்களைச் செய்யச் சொல்லி 12,000 டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1900-ல் ஒரு பார்ட்னரோடு கம்பெனி ஆரம்பித்தார்.

ஆரம்பத்தில் அவர் செய்தது பொம்மையே இல்லை. கடை ஜன்னலில் வைத்தால் போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று யோசித்தார். சின்ன மின்விசிறிக்காகச் செய்த மோட்டாரை ஒரு திறந்த மரப் பெட்டிக்கு அடியில் பொருத்தி, வட்டமான தண்டவாளத்தில் ஓடவிட்டார். பெட்டிக்குள் வைக்கும் சரக்கு விற்கும் என்பது கணக்கு. வந்தவர்களோ சரக்கை விட்டுவிட்டு வண்டி என்ன விலை என்று கேட்டார்கள்! கோவனின் தொழில் அங்கேயே முடிவாகிவிட்டது.

1906-ல் அவர் செய்த வேலைதான் செம கில்லாடித்தனம். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றைப் போட்டு, அதில் கரன்ட் கொடுத்தார். இரண்டு தண்டவாளம் மட்டும் இருந்தால், பாதை வளைந்து தன்னோடு வந்து சேரும் இடத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆகும். மூன்று இருந்தால் அந்தத் தொல்லை கிடையாது. அதோடு நிற்காமல், வேறு எந்தக் கம்பெனி ரயிலும் ஓட முடியாத ஓர் அகலத்தில் தண்டவாளம் போட்டு, அதற்கு ஸ்டாண்டர்ட் கேஜ் என்று பெயரும் வைத்துவிட்டார். தன் அளவுதான் பொது அளவு என்று அவரே அறிவித்துக்கொண்டது மாதிரி!

பொருளாதாரப் பெருமந்தம் லயனலை விடவில்லை. 1934-ல் கம்பெனி நீதிமன்ற மேற்பார்வைக்குப் போனது. அந்த வருடம் சாவி கொடுத்தால் ஓடும் மிக்கி மவுஸ் வண்டியை ஒரு டாலருக்கு விட்டார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேல் விற்றது. மிக்கிதான் லயனலைக் காப்பாற்றியது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. உண்மையில் ஒரு டாலர் பொம்மையில் அவ்வளவு லாபம் வராது; நிஜ ரயில்களின் மாடலாக அதே வருடம் வந்த மின்சார செட்களுக்கும் அந்த மீட்சியில் பங்கு உண்டு.

ரிமோட் ரயில் எப்படி வேலை செய்தது?

அதுவரை பொம்மை ரயிலை ஓட்டுவது என்றால், தண்டவாளத்துக்குப் போகும் வோல்டேஜைக் கூட்டிக் குறைப்பதுதான். ரிவர்ஸ் போக வேண்டுமா? கரன்ட்டை ஒருமுறை நிறுத்திக் கொடுக்க வேண்டும். பெட்டியைக் கழற்ற வேண்டுமா? அதற்கென்று உள்ள தனித் தண்டவாளத் துண்டுக்கு மேலே சரியாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கட்டளை போனது ரயிலுக்கு அல்ல, தண்டவாளத்துக்கு. பிரச்னையே இதுதான்.

போர்க்காலத்தில் பொம்மைகளை நிறுத்திவிட்டுக் கடற்படைக்குத் திசைகாட்டிகள் செய்துகொண்டிருந்த லயனல், 1946-ல் எலெக்ட்ரானிக் செட்டோடு திரும்பியது. பத்து பட்டன்கள் கொண்ட ஒரு பெட்டி. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரேடியோ அலைவரிசை. இன்ஜினிலும் பெட்டிகளிலும் தனித்தனி ரிசீவர். எந்த பட்டன் எதற்கு என்று தெரிய வண்ண ஸ்டிக்கர்கள். ஒரு பட்டனைத் தட்டினால் விசில். இன்னொன்றைத் தட்டினால் நிலக்கரி வண்டி தன் சுமையைக் கொட்டும். வேறொன்றைத் தட்டினால், ரயில் எந்த இடத்தில் இருந்தாலும் அந்தப் பெட்டி மட்டும் கழன்றுகொள்ளும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது காற்றில் பறந்த சிக்னல் அல்ல. பட்டன் பெட்டியிலிருந்து வயர் வழியாகத் தண்டவாளத்துக்கு ரேடியோ அலை போகும், சக்கரம் வழியாக ரிசீவர் அதைப் பிடிக்கும். ஆனாலும் ஒரே தண்டவாளத்தில் இருக்கும் ஒவ்வொரு வண்டியோடும் தனியாகப் பேசலாம் என்கிற யோசனை அங்கே முழுசாக இருந்தது.

செட் விற்கவில்லை. சாதாரண ரயிலைவிட விலை ரொம்ப அதிகம், ரிசீவர்களைச் சரியான அலைவரிசையில் வைத்திருப்பதும் பெரிய தலைவலி. 1949-க்குப் பிறகு கேட்டலாகிலிருந்து காணாமல் போனது. லயனலுக்கு அது ஒரு அடியாகக்கூடத் தெரியவில்லை. ஏனென்றால் அதே 1946-ல் வந்த புகை விடும் இன்ஜின்கள் சக்கைப்போடு போட்டன. 1950-களின் தொடக்கத்தில் லயனல் உலகின் மிகப்பெரிய பொம்மை கம்பெனிகளில் ஒன்று.

அடுத்து வந்த சரிவுதான் வேகமானது. பிள்ளைகள் டிவிக்கும் பொம்மைக் கார்களுக்கும் மாறினார்கள். பெரியவர்கள் விமானத்தில் பறக்க ஆரம்பிக்க, நிஜ ரயிலின் மவுசே குறைந்துபோனது. 1957-ல் பெண் குழந்தைகளுக்காக என்று இளஞ்சிவப்பு இன்ஜின் விட்டுப் பார்த்தார்கள். சீண்டுவார் இல்லை. பெண் குழந்தைகளும் நிஜ ரயில் மாதிரி கறுப்பு இன்ஜினைத்தான் விரும்புவார்கள் என்று யாருக்கும் தோன்றாதது ஆச்சரியம்தான்.

1959-ல் கோவன் தன் பங்குகளை விற்றார். வாங்கிய குழுவின் தலைவர் ராய் கோன். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையில் வலது கையாக இருந்து, பிற்காலத்தில் டொனால்ட் டிரம்பின் வழக்கறிஞராகவும் ஆன அதே கோன்தான். கோவனுக்குப் பேரன் முறை உறவினர். சொந்தக்காரரிடம் போயும் கம்பெனி தேறவில்லை. சில வருடங்களில் கோனும் வெளியேறினார். 1965 செப்டம்பர் 8-ம் தேதி ஃப்ளோரிடாவின் பாம் பீச்சில் கோவன் இறந்தார். அவருக்கு வயது 88.

தண்டவாளத்தை விட்டுவிட்டு ரயிலோடு நேரடியாகப் பேசும் முறை லயனலுக்குத் திரும்பி வந்தது 1990-களில். அதன் பின்னால் இருந்தவர் ராக் பாடகர் நீல் யங். மாற்றுத்திறனாளியான தன் மகனும் ரயிலை ஓட்ட வேண்டும் என்று கன்ட்ரோலர்களை உருவாக்கத் தொடங்கியவர், 1995-ல் லயனலின் உரிமையாளர்களில் ஒருவராகவே ஆகிவிட்டார். இந்த முறை ரிமோட் நிஜமாகவே வயர் இல்லாதது. கையில் இருக்கும் கருவியிலிருந்து கன்ட்ரோல் பெட்டிக்கு சிக்னல் காற்றில் போகும். அங்கிருந்து ரயிலுக்குப் போவது மட்டும், 1946-ல் போன அதே தண்டவாளம் வழியாகத்தான்.